கால் கிலோ மீன் கறித்தூளின் எடையைப் பிடித்த விதம்

மலேசியாவின் பிறை நகரில் உள்ள எங்கள் மசாலைத் தொழிற்சாலையில் 250 கிராம் மீன் கறித்தூள் அடைக்கும் வேலை ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டது. பாக்கெட்டுக்கு முன்பைவிடக் குறைவான தூளைத்தான் போடுகிறோம். ஆனாலும் 250 கிராமுக்குக் கீழே போகும் பாக்கெட்டுகளும் முன்பைவிடக் குறைந்துவிட்டன. இந்த இரண்டும் சேர்ந்து நடக்கும் என்று நான் சொன்னபோது இங்கே யாரும் நம்பவில்லை. சுங்கைப் பட்டாணி, ஈப்போ, கிள்ளான் என்று பல ஊர்களில் நம்மவர்கள் இதே மாதிரி எந்திரத்தை வைத்துக் காப்பித்தூள், மிளகாய்த்தூள், மாவு அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் எந்திரம். ஒரே வாய் கொண்ட, காலால் மிதித்து இயக்கும் திருகு எந்திரம். மேலே ஏறக்குறைய 50 கிலோ கொள்ளும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி. அதன் நடுவே செங்குத்தாக ஒரு திருகு. எந்திரத்தில் வேலை பார்க்கும் அக்கா பையை வாய்க்கு அடியில் பிடித்து மிதியை அழுத்துவார். திருகு குறித்த எண்ணிக்கைச் சுற்றுகள் சுற்றி நிற்கும். தூள் பையில் விழும். பிறகு வேறொருவர் பையின் வாயைச் சூட்டில் ஒட்டுவார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,000 பாக்கெட்.

இந்த எந்திரம் எடை பார்ப்பதில்லை. சுற்றுகளை மட்டும் எண்ணும். திருகின் இரண்டு இதழ்களுக்கு நடுவே எவ்வளவு தூள் அடைந்திருக்கிறதோ அவ்வளவுதான் கீழே விழும். தூள் இறுகியிருந்தால் எடை ஏறும், காற்றோட்டமாகப் பொலபொலவென்று இருந்தால் இறங்கும். வாங்கும்போதே இதை யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பட்டர்வொர்த்தில் எங்களிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒரு பாக்கெட்டைத் தன் கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். பையோடு சேர்த்து 254 கிராம். பையின் எடையைக் கழித்தால் தூள் 247 கிராம்கூட இல்லை. அவர் கோபப்படவில்லை, சொன்னார், அவ்வளவுதான். இப்படி யாராவது சொல்லும்போதெல்லாம் எங்கள் வழக்கம் ஒன்றே: சுற்று எண்ணிக்கையைச் சற்று ஏற்றிவிடுவது. பல ஆண்டுகளாக ஏற்றி ஏற்றிச் சராசரி எங்கேயோ போய் நின்றிருந்தது. அப்படியும் 247 கிராம் பாக்கெட் கடைக்குப் போயிருக்கிறது என்றால், இனிமேலும் ஏற்றிப் பயனில்லை என்று முதலாளியம்மாவிடம் சொன்னேன். நான் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன். அங்கே ஒவ்வொரு எந்திரத்தின் பக்கத்திலும் ஒரு வரைபடம் தொங்கும். அதே வேலையை மசாலைக்கும் செய்து பார்க்கலாம் என்றேன். "செய்து பாருங்கள். ஆனால் தூள் அடைக்கும் வேலையை நிறுத்தாதீர்கள்" என்றார்.

தராசிலிருந்து தொடங்கினேன். அடைக்கும் மேசையில் இருந்தது ஒரு கிராம் வரைக்கும் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசு. ஒரு கிராமுக்குள் நடக்கும் வித்தியாசத்தைத் தேட அது உதவாது. 0.1 கிராம் காட்டும், 3 கிலோ தாங்கும் மேசைத் தராசு ஒன்றை 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினோம். கூடவே 200 கிராம், 50 கிராம் சோதனைப் படிக்கற்கள், எம்1 தரம், இரண்டும் சேர்த்து 150 வெள்ளி. எம்1 தரத்தில் 200 கிராம் கல் 10 மில்லிகிராமுக்கு மேல் பிசகக் கூடாது. எங்கள் வேலைக்கு அது தாராளம். தினமும் காலையில் தராசைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விட்டு, இரண்டு கற்களையும் சேர்த்து வைத்து 250.0 காட்டுகிறதா என்று பார்த்த பிறகே வேலை தொடங்கும். மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி வணிகத்துக்குப் பயன்படும் தராசுக்குச் சரிபார்ப்பு முத்திரை வேண்டும். எங்களிடம் சில்லறையாக நிறுத்து விற்க அப்படி முத்திரை வைத்த தராசு ஒன்று தனியாக இருக்கிறது. அதிலும் அதே பாக்கெட்டுகளை வைத்து ஒப்பிட்டுக்கொண்டேன்.

தராசு எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். முதலில் வைத்த இடத்தில் கடைசி இலக்கம் நிற்கவே இல்லை. காரணம் இரண்டு: தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் காற்று, பக்கத்து மேசையில் ஒட்டும் எந்திரத்தின் அதிர்வு. தராசைச் சுவரோரம் நகர்த்தி, அடியில் 30 வெள்ளிக்கு வாங்கிய ஒரு கற்பலகையைப் போட்டு, மூன்று பக்கமும் ஒளிபுகும் நெகிழித் தகடுகளை நிறுத்தினேன். ஒரே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப வைத்து எடுத்தபோது 0.1 கிராமுக்கு மேல் மாறவில்லை. அதுவரை மற்ற எதையும் தொடவில்லை. ஆடும் தராசை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த எண்ணும் வீண்.

அடுத்தது வெறும் பை. ஒரு கட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக 25 பைகளை உருவித் தனித்தனியே நிறுத்தேன். சராசரி 7.2 கிராம்; மிகக் குறைவானது 7.0, மிக அதிகமானது 7.5. இந்த அளவு மாற்றத்துக்கு ஒவ்வொரு பையையும் முன்னதாக நிறுக்கத் தேவையில்லை. மொத்த எடையில் 7.2 கழித்தால் போதும். ஆனால் பழைய அச்சில் வந்த பைக்கட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. அதன் சராசரி 6.6. அதைக் கவனிக்காமல் கலந்திருந்தால் அரை கிராமுக்கு மேல் கணக்குப் பிசகியிருக்கும். இப்போது புதுக் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அதிலிருந்து 25 பைகளை நிறுத்து, சராசரியைக் கட்டின் மேலேயே எழுதிவைக்கிறோம்.

இனி மாதிரி எடுப்பது. வழக்கமாக எங்கள் மேற்பார்வையாளர் அண்ணன் மாலையில் கடைசிப் பெட்டியின் மேலிருந்து பத்துப் பாக்கெட் எடுத்து நிறுப்பார். எல்லாம் சரியாக இருக்கும். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், தம்பி. பத்துச் சோறு பார்த்தது போதாதா?" என்று கேட்டார். ஒரு பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில் வேகிறது. அதனால்தான் ஒரு சோறு மற்றச் சோற்றுக்கெல்லாம் சாட்சி சொல்ல முடிகிறது. கடைசிப் பெட்டியின் மேலடுக்கில் இருக்கும் பத்துப் பாக்கெட்டும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அடைத்தவை. அவை அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குத்தான் சாட்சி. காலை ஒன்பது மணிக்கு அடைத்தது வேறு பானை.

ஆகவே நாள் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வரும் ஐந்து பாக்கெட்டுகளை எடுப்பது என்று வைத்தேன். ஐந்து ஏன் என்றால், நிறுத்து எழுதுவது இரண்டு நிமிடத்தில் முடியும். அடைக்கும் வேலை தடைபடாது. அடுத்தடுத்து ஏன் என்றால், ஐந்துக்குள் இருக்கும் வித்தியாசம் எந்திரத்தின் அந்த நேரத்து நடுக்கத்தை மட்டும் காட்ட வேண்டும். ஒரு ஐந்துக்கும் அடுத்த ஐந்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நேரத்தோடு என்ன மாறுகிறது என்பதைக் காட்டும்.

இப்படி எடுத்ததில் சராசரி 258 கிராம் வந்தது. ஏறத்தாழ எல்லா ஐந்துகளும் 257க்கும் 259க்கும் இடையில். இவ்வளவு நல்ல எந்திரத்திலிருந்து எப்படி 247 கிராம் பாக்கெட் வரும்? வேறொரு கணக்கு இந்த எண்ணோடு முட்டியது. தூள், டிரம் டிரம்மாக வருகிறது. ஒரு டிரம் 32 கிலோ. ஒரு நாளைக்கு 16 டிரம், அதாவது 512 கிலோ. அதை 2,000 பாக்கெட்டால் வகுத்தால் 256. சிந்தியதைக் கழித்தால் இன்னும் சற்றுக் குறையும். டிரம் கணக்கு 256 என்கிறது, என் மாதிரி 258 என்கிறது. இரண்டு கிராம் எங்கே போயிற்று?

நின்று பார்த்தபோது விளங்கியது. அரை மணிக்கு ஒரு டிரம் தீர்கிறது. அரை மணிக்கு ஒருமுறை உதவியாளர் புது டிரம்மைத் தொட்டியில் கவிழ்க்கிறார். நானும் அரை மணிக்கு ஒருமுறை போய் நிற்கிறேன். நான் வரும் நேரம் தெரிந்ததால் அதற்குச் சற்று முன்பே தொட்டியை நிரப்பி வைத்துவிடுகிறார்கள். இதில் யாருடைய கள்ளமும் இல்லை. சோதனைக்கு ஆள் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் என் கைக்கு வந்த பாக்கெட்டுகள் அனைத்தும் நிறைந்த தொட்டியிலிருந்து வந்தவை. தொட்டி வற்றும் நேரத்துப் பாக்கெட் ஒன்றுகூட என் தாளில் இல்லை. மாதிரியை இரண்டு மடங்கு, பத்து மடங்கு ஆக்கியிருந்தாலும் இதே பொய்தான் கூடுதல் உறுதியோடு வந்திருக்கும். எத்தனை எடுக்கிறோம் என்பதைவிட எப்போது எடுக்கிறோம் என்பது பெரிது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு இதைவிட முக்கியமாக எதுவும் படவில்லை.

அதற்குச் செய்தது மிக எளிது. ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவில் 1 முதல் 30 வரை எண்கள் எழுதிய சீட்டுகளைப் போட்டேன். ஒவ்வொரு அரை மணியின் தொடக்கத்திலும் ஒரு சீட்டு எடுப்பேன். 17 வந்தால் அந்த அரை மணியின் 17ஆவது நிமிடத்தில் வரும் ஐந்து பாக்கெட். சீட்டில் என்ன வந்தது என்பதை யாரிடமும் சொல்வதில்லை. தொட்டியின் கண்ணாடிச் சன்னலில் ஒரு அளவுகோலை ஒட்டி, ஒவ்வொரு முறையும் தூளின் மட்டத்தையும் எழுதிக்கொண்டேன்.

இருபது ஐந்துகள் சேர்ந்ததும் கணக்குப் போட்டேன். மொத்தச் சராசரி 255.8, டிரம் கணக்கோடு ஒத்துப்போயிற்று. ஒவ்வொரு ஐந்திலும் மிக அதிகமானதற்கும் மிகக் குறைவானதற்கும் உள்ள வீச்சின் சராசரி 4.7 கிராம். தற்செயலான ஏற்ற இறக்கம் எதுவரை போகலாம் என்று வரைபடத்தில் எல்லைக்கோடு போடும் முறை வால்டர் ஷூவார்ட் 1924இல் அமெரிக்காவில் வகுத்தது. ஐந்து ஐந்தாக எடுத்தால், சராசரி வீச்சை 0.577ஆல் பெருக்கி மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் வைக்க வேண்டும். 4.7ஐப் பெருக்கினால் 2.7. ஆக மேல் எல்லை 258.5, கீழ் எல்லை 253.1. வீச்சுக்கான மேல் எல்லை, 4.7ஐ 2.114ஆல் பெருக்க, 9.9.

கட்டத் தாளில் புள்ளி வைத்தபோது இருபதில் ஆறு கோட்டுக்கு வெளியே நின்றன. மூன்று மேலே, மூன்று கீழே. தொட்டி மட்டத்தைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் மேலே போன மூன்றும் தொட்டி நிறைந்திருந்தபோது எடுத்தவை; கீழே போன மூன்றும் அடியில் பத்துக் கிலோகூட இல்லாதபோது எடுத்தவை. மேலே இருக்கும் தூளின் பாரம் கீழே இருக்கும் தூளை அழுத்துகிறது. பாரம் குறையக் குறைய திருகுக்குள் அடையும் தூளும் இளகிவிடுகிறது. தனிப் பாக்கெட்டுகளின் திட்ட விலக்கம், அதாவது எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, 3.1 கிராம். சராசரி 255.8 இருந்தும் நூற்றுக்கு மூன்று பாக்கெட் 250க்குக் கீழே. நாளைக்கு அறுபதுக்கு மேல். பட்டர்வொர்த் கடைக்காரர் எடுத்தது அவற்றில் ஒன்று.

சரிசெய்ய முதலில் போன வழி தவறிப்போயிற்று. தூள் தொட்டியின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் இருக்கிறது என்று எண்ணி, தொட்டியின் வெளிப்புறத்தில் ஒரு சிறிய அதிர்வு மோட்டாரைப் பொருத்தினோம், 95 வெள்ளி. தூள் இறங்கியது உண்மை. ஆனால் அதிர்வு அதை இன்னும் இறுக்கியது. நிறைந்த தொட்டியில் எடை முன்பைவிட ஏறியது. ஐந்துகளுக்குள் இருக்கும் வீச்சும் விரிந்தது. இரண்டாம் நாளே தாளில் தெரிந்துவிட்டதால் உடனே கழற்றிவிட்டோம். வரைபடம் இல்லாமல் இருந்திருந்தால் "தூள் நன்றாக இறங்குகிறது" என்று சொல்லி அதை ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டிருப்போம்.

பலன் தந்தது மட்டத்தைப் பிடித்ததுதான். கண்ணாடிச் சன்னலில் இரண்டு சிவப்புக் கோடுகள் போட்டோம். தூள் எப்போதும் அவற்றுக்கு இடையில் இருக்க வேண்டும். டிரம்மைக் கவிழ்ப்பதற்குப் பதில், ஐந்து கிலோ கொள்ளும் எஃகு வாளியால் அடிக்கடி ஊற்றுவது. உதவியாளருக்கு இது கூடுதல் வேலை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு ஏறி நிற்க அகலமான படி ஒன்றைச் செய்து கொடுத்தோம். மறந்துவிடாமல் இருக்க, கீழ்க்கோட்டில் சுழல்துடுப்பு மட்டக்காட்டி ஒன்றை வைத்து ஒரு மணியோடு இணைத்தோம். துடுப்பைத் தூள் தடுத்து நிறுத்தியிருக்கும்வரை மணி அமைதியாக இருக்கும். தூள் இறங்கித் துடுப்புச் சுழலத் தொடங்கினால் ஒலிக்கும். மணியும் சேர்த்து 260 வெள்ளி. இந்த வேலைக்குச் செலவழித்ததில் மிகப் பயனுள்ள பணம் இதுதான்.

அடுத்து ஐந்துக்குள்ளேயே இருந்த நடுக்கம். திருகு நின்ற பிறகும் வாயிலிருந்து தூள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சில சமயம் பைக்குள், சில சமயம் மேசைமேல். திருகின் முனையில் இருக்க வேண்டிய சிறு வட்டத் தகடு எப்போதோ கழன்று தொலைந்துபோயிருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கடைசல் பட்டறையில் 304 தர எஃகில் அதே அளவில் ஒன்றைக் கடைந்து வாங்கினோம், 45 வெள்ளி. வாய்க்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் நான்கைந்து விதமாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 6 மில்லிமீட்டரில் சொட்டுவது நின்றது. அதற்கும் குறைத்தால் தூள் சூடாகித் தகட்டில் அப்பிக்கொள்கிறது. மீன் மசாலையில் மல்லியின் எண்ணெய்ப் பசை இருக்கிறதே.

இதற்குள் வேறொன்று முளைத்தது. புதுத் தராசு வந்ததால் எடை இப்போது அக்காவின் கண்ணுக்கு 0.1 கிராம் வரை தெரிகிறது. ஒரு பாக்கெட் 250.8 காட்டினால் சுற்றைச் சற்று ஏற்றுவார்; அடுத்தது 254 காட்டினால் இறக்குவார். அக்கறையோடுதான் செய்தார். வேண்டாம் என்று வெறுமனே சொன்னால் அது அவருடைய அக்கறையை அவமதிப்பதுபோல் ஆகிவிடும். அதனால் இருவரும் சேர்ந்து சோதித்தோம். காலையில் அவர் விருப்பம்போல் திருப்பியபடி அடைத்ததில் நாற்பது பாக்கெட். பிற்பகலில் கையே வைக்காமல் அடைத்ததில் நாற்பது. திருப்பியபோது திட்ட விலக்கம் 2.1, திருப்பாதபோது 1.5. தற்செயலாக வரும் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஈடுகட்டப் போனால் ஏற்ற இறக்கத்தின் மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) இரண்டு மடங்காகும் என்பது அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் புனல் சோதனையில் காட்டியது; 1.5 ஏறத்தாழ 2.1 ஆனது அதன்படியே. எண்களை அக்காவே தாளில் எழுதியதால் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்படியானால் எப்போது திருப்ப வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

விதியை எளிதாக வைத்தோம். ஐந்தின் சராசரி எல்லைக்கோட்டைத் தாண்டினால், அல்லது தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால், முதலில் தொட்டி மட்டம், பிறகு தகடு, பிறகு தூள் எந்த டிரம் என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே சுற்று எண்ணிக்கையைத் தொடலாம். இப்போது புள்ளி வைப்பதும் அக்காதான். என்னைவிட அழகாக வைக்கிறார்.

புது நிலையில் சராசரி வீச்சு 3.3க்கு இறங்கியது; நாள் முழுவதற்குமான திட்ட விலக்கம் 1.5. இனி எந்த எடையைக் குறிவைப்பது என்ற கேள்வி. 252.5 வைக்கலாம் என்றேன். அதில் நூற்றுக்கு ஐந்து பாக்கெட் 250க்குச் சற்றே கீழே போகும். முதலாளியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்குகிறவர் சராசரியை வாங்குவதில்லை, ஒரு பாக்கெட்டைத்தான் வாங்குகிறார்" என்றார். அது நியாயம். ஒன்றுகூடக் கீழே போகக் கூடாது என்றால் 254.5க்கு மேல் போக வேண்டும்; அதிலும் ஆயிரத்துக்கு ஒன்று தப்பும். பேசிப் பேசி 253.5இல் நின்றோம். நூற்றுக்கு ஒன்று, நாளைக்கு இருபது. அதிலும் பெரும்பாலானவை ஒரு கிராமுக்குள் குறைபவை. எல்லைக்கோடுகள் 251.6, 255.4.

பாக்கெட்டுக்கு 2.3 கிராம் மிச்சம். 2,000 பாக்கெட்டுக்கு 4.6 கிலோ. தூள் கிலோவுக்கு எங்களுக்கு அடக்கம் 14 வெள்ளி. நாளைக்கு 64 வெள்ளி. 25 வேலை நாளுக்கு ஏறத்தாழ 1,600 வெள்ளி. போட்ட செலவு, வீணான அதிர்வு மோட்டாரையும் சேர்த்து, 960 வெள்ளி. அதில் என் நேரமும் அக்காவின் நேரமும் சேரவில்லை.

வரைபடம் தன் வேலையைச் செய்கிறதா என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. ஒரு நாள் முற்பகல் ஐந்தின் சராசரி 250.9. வீச்சு ஒழுங்கு, மட்டம் ஒழுங்கு, தகடும் ஒழுங்கு. டிரம்மில் கையை வைத்தால் சூடு. கையிருப்புத் தீர்ந்துபோனதால் அன்று காலை அரைத்த தூளையே கொண்டுவந்திருக்கிறார்கள். புதிதாக அரைத்த தூளுக்குள் காற்று நிறைய இருக்கும். படிந்து அடங்கச் சில மணி நேரம் வேண்டும். அந்த டிரம்மில் அடைத்த பாக்கெட்டுகளைத் தனியே வைத்து ஒவ்வொன்றாக நிறுத்து, குறைந்தவற்றைப் பிரித்தோம். இப்போது அரைத்த தூள் ஓரிரவு ஆறிய பிறகே அடைக்கப் போகும். டிரம்மில் அரைத்த தேதியைச் சுண்ணக்கட்டியால் எழுதுகிறோம்.

சரக்கு லோரி ஏறும் முன் ஒரு நாள் சரக்கு முழுவதையும் ஓஐஎம்எல் எனும் பன்னாட்டுச் சட்ட அளவையியல் அமைப்பின் ஆர் 87 பரிந்துரையின்படியும் சோதித்துப் பார்த்தேன். அதன் 2004ஆம் ஆண்டுப் பதிப்பில், 501 முதல் 3,200 வரை பாக்கெட் உள்ள தொகுதிக்கு 80 மாதிரி. 200 முதல் 300 கிராம் வரையிலான பாக்கெட்டுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைவு 9 கிராம். அதைவிடக் குறைந்த பாக்கெட் 80இல் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதன் இரு மடங்கு, அதாவது 18 கிராமுக்கு மேல் குறைந்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது. சராசரிப் பிழையோடு (சராசரி எடையிலிருந்து 250ஐக் கழித்தால் வருவது) திட்ட விலக்கத்தின் 0.295 மடங்கைக் கூட்டினால் சுழிக்குக் கீழே போகக் கூடாது. எங்கள் 80 பாக்கெட்டின் சராசரி 253.4, திட்ட விலக்கம் 1.6. தாராளமாகத் தேறியது.

ஆனால் பழைய எண்களை இதே சோதனையில் போட்டுப் பார்த்தேன். சராசரி 255.8, விலக்கம் 3.1, அதுவும் தேறும்! 241 கிராமுக்குக் கீழே பாக்கெட் அப்போதும் இல்லை. அந்தச் சோதனை வாங்குகிறவரைப் பெரிய ஏமாற்றத்திலிருந்து காக்க வகுத்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. தொட்டி வற்றும்போது எடை இறங்குகிறது என்று தொழிற்சாலைக்குச் சொல்வது அதன் வேலை இல்லை. கலந்து குவித்த 80 பாக்கெட்டில் நேரம் அழிந்துபோயிருக்கிறது. நேரத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஐந்து பாக்கெட், நேரம் இல்லாத எண்பதைவிட எங்களுக்கு அதிகம் சொன்னது.

மறுபடி தொடங்கினால் சிலவற்றை மாற்றுவேன். எண்களைக் கணினிக்கு நேரே அனுப்பும் தராசை வாங்குவேன்; விலை இருநூறு வெள்ளி கூடினாலும் எழுதும்போது வரும் பிழை குறையும். முதல் நாளிலிருந்தே தொட்டி மட்டத்தையும் டிரம் எண்ணையும் எடையின் பக்கத்தில் எழுதுவேன். சீட்டு டப்பாவை முதல் நாளே வைப்பேன். மிளகாய்த்தூளுக்கு இதே எல்லைக்கோடுகளைப் பயன்படுத்த நினைத்தார்கள், அது கூடாது. அதன் வீச்சே வேறு, அதற்குப் புதிதாக இருபது ஐந்துகள் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கையில் இருப்பது 500 கிராம் இறைச்சி மசாலை. அதை அடைப்பது இரண்டு வாய் உள்ள எந்திரம். வந்த வரிசையில் ஐந்து ஐந்தாக எடுத்துப் புள்ளி வைத்தால் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே நின்றன. வழக்கத்துக்கு மாறான ஒழுங்கு. பிரித்து நிறுத்துப் பார்த்தால் இடது வாய் சராசரி 503, வலது வாய் 507. ஒவ்வொரு ஐந்திலும் இரண்டு வாயின் பாக்கெட்டும் கலந்து வந்ததால் அந்த நான்கு கிராம் வீச்சுக்குள் புகுந்து, எல்லைக்கோடுகளை அகலமாக்கிவிட்டிருக்கிறது. வாய்க்கு ஒரு தாள், வாய்க்கு ஒரு சீட்டு டப்பா என்று பிரித்திருக்கிறோம். இரண்டு தாளிலும் இருபது இருபது சேர்ந்த பிறகே அந்த எந்திரத்தின் சுற்று எண்ணிக்கையில் கை வைக்கப் போகிறோம்.